எலும்பு முறிவு அபாயத்தைக் கணக்கிடுவது எப்படி: குடும்ப மருத்துவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரஷர் மாத்திரைக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்னிடம் வருபவர் அவர். வயது 67. ஒருநாள் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்தார்.

“என்னம்மா ஆச்சு?”

“பாத்ரூம்ல வழுக்கிட்டேன் டாக்டர். கையை ஊனினேன், மளுக்குன்னு ஆயிடுச்சு. இன்னும் மூணு வாரத்துல கட்டைப் பிரிச்சுடுவாங்களாம்.”

இடது கையில் பிரஷர் பார்த்தேன். நன்றாக இருந்தது. அதே மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். பதினான்கு மாதம் கழித்து அவருடைய மகன் மட்டும் வந்தார். அம்மா கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம், ஆபரேஷன் முடிந்து படுக்கையில் இருக்கிறாராம். பிரஷர் மாத்திரையைத் தொடரலாமா என்று கேட்டுப்போக வந்திருந்தார்.

67 வயது, மாதவிடாய் நின்று வெகுகாலம், ஒல்லியான உடம்பு, நின்ற நிலையில் விழுந்ததற்கே ஒரு முறிவு. அடுத்த முறிவைக் கணிக்க வேண்டிய தகவல் அத்தனையும் அன்று என் மேஜைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கணக்குப் போடும் கருவியும் எனக்குப் புதிதல்ல. ஃப்ராக்ஸ் என்ற பெயரைப் பலமுறை கேட்டிருக்கிறேன், ஒரு கருத்தரங்கில் குறிப்புக்கூட எடுத்தேன். பெயர் தெரியும், கைதான் அந்தப் பக்கம் போகாது.

சக குடும்ப மருத்துவர்களிடம் பேசினால் பலருக்கும் இதே நிலைதான். நேரம் இல்லை என்பார்கள். அது எலும்பு டாக்டர் வேலை என்பார்கள். எலும்பு டாக்டரோ, நான் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன், மருந்து மாத்திரையைக் குடும்ப டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருப்பார். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பக்கத்தில் இல்லையே, எண் வந்தால் அப்புறம் என்ன செய்வது என்ற தயக்கமும் உண்டு. இதில் ஸ்கேன் பற்றியது வெறும் தவறான எண்ணம். ஸ்கேன் இல்லாமலே இந்தக் கணக்கைப் போடலாம். மற்றவை நியாயமான சிரமங்கள்.

கருவியில் எண்களைத் தட்டுவது இரண்டு நிமிஷ வேலை. அதற்கு முன்னால் கேட்கும் கேள்விகளும் பின்னால் எடுக்கும் முடிவுமே கடினம். ஆகவே அங்கேதான் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

ஸ்கேன் மட்டும் ஏன் போதாது

எலும்பு அடர்த்தியை ஆரோக்கியமான இளவயதினரின் அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண் டி-ஸ்கோர். அது மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய், என்று உலக சுகாதார நிறுவனம் 1994ல் வரையறுத்தது. அந்தக் கோடு நோயைப் பெயரிடப் பயன்பட்டது. முறிவு யாருக்கு வரும் என்று சொல்ல அது மட்டும் போதவில்லை. முறிவு ஏற்படுகிறவர்களில் பெரும்பாலோருக்கு டி-ஸ்கோர் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. காரணம் எளிது: எலும்பு மிக மெலிந்தவர்கள் குறைவு, சுமாராக மெலிந்தவர்கள் ஏராளம்.

மாரடைப்பு விஷயத்தில் இந்தப் பாடத்தை நாம் எப்போதோ படித்துவிட்டோம். கொலஸ்டிரால் எண்ணை மட்டும் பார்த்து யாரும் முடிவெடுப்பதில்லை. வயது, புகை, சர்க்கரை, பிரஷர் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறோம். எலும்புக்கும் அதே கணக்குதான். ஒரே டி-ஸ்கோர் உள்ள 52 வயதுக்காரரும் 78 வயதுக்காரரும் ஒன்றல்ல.

50 வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும் ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் மீதி வாழ்நாளில் எலும்பு மெலிவால் ஒரு முறிவு வரும் என்பது உலக அளவில் சொல்லப்படும் மதிப்பீடு. முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு, முறிவு என்றே தெரியாமல் கடந்துபோகிறது. “வயசாச்சு, கூன் விழுந்துடுச்சு” என்று குடும்பத்தோடு நாமும் சேர்ந்து சொல்லிவிடுகிறோம்.

படி 1: ஒரு கருவியைத் தேர்ந்தெடுங்கள்

நடைமுறையில் நான்கு பெயர்கள் தெரிந்திருந்தால் போதும்.

ஃப்ராக்ஸ் 2008ல் வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஜான் கேனிஸ் தலைமையிலான குழு உருவாக்கியது. 40 முதல் 90 வயதுவரை உள்ளவர்களுக்கு, அடுத்த 10 ஆண்டுகளுக்கான இரண்டு சதவீதங்களைத் தரும். ஒன்று இடுப்பு முறிவுக்கானது. மற்றது இடுப்பு, முதுகெலும்பு, முன்கை, தோள் ஆகிய நான்கையும் சேர்த்த ‘பெரிய முறிவுகளுக்கானது’. முறிவு விகிதமும் இறப்பு விகிதமும் நாட்டுக்கு நாடு மாறுவதால், பல நாடுகளுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் நோயாளிகளுக்குப் பொருந்தும் நாட்டைத் தேர்ந்தெடுத்த பிறகே மற்றதைத் தொடங்குங்கள். அவசரத்தில் நாட்டை மாற்ற மறந்து, வேறு மக்கள்தொகையின் எண்ணை நோயாளியிடம் சொல்லிவிடும் தவறு எளிதாக நடக்கக்கூடியது.

கியூஃப்ராக்சர் 2009ல் பிரிட்டனின் குடும்ப மருத்துவர்கள் வைத்திருந்த பதிவுகளிலிருந்தே எழுந்தது. அதனால் நம் மொழியில் பேசும்: விழுந்த வரலாறு, சர்க்கரை நோய், ஆஸ்துமா, மன அழுத்த மாத்திரை என்று நிறைய கேட்கும். ஆனால் அது பிரிட்டன் மக்களின் எண். கார்வன் கணக்கு ஆஸ்திரேலியாவின் டப்போ ஊரில் 1989ல் தொடங்கிய ஆய்விலிருந்து வந்தது; 50 வயதுக்குப் பிறகு எத்தனை முறிவு, கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தார் என்று எண்ணிக்கையாகவே கேட்பது அதன் பலம்.

நான்காவது ஓஸ்டா. ஆசியப் பெண்களுக்காக 2001ல் வெளியானது. கருவி என்பதைவிட மனக்கணக்கு என்றே சொல்லலாம்: கிலோவில் எடை, அதிலிருந்து வயதைக் கழி, 0.2ஆல் பெருக்கு. 70 வயது, 42 கிலோ என்றால் மைனஸ் 28, பெருக்கினால் மைனஸ் 5.6. மைனஸ் 4க்குக் கீழே போனால் எலும்பு மெலிந்திருக்க அதிக வாய்ப்பு. மைனஸ் 1க்கு மேலே இருந்தால் குறைவு. இடையில் இருப்பவர்கள் நடுத்தரம். 58 வயது, 62 கிலோ என்றால் 0.8, கவலை குறைவு. மாதவிடாய் நின்ற பெண்களில் யாருக்கு ஸ்கேன் எடுக்கலாம் என்று சலிக்க இது உதவும். முறிவு அபாயத்தை இது சொல்லாது.

என் கருத்து: நான்கையும் கற்றுக்கொள்ள முயலாதீர்கள். ஃப்ராக்ஸை எடுங்கள், கணினியில் அந்தப் பக்கத்தை எப்போதும் திறந்து வையுங்கள். ஓஸ்டா சூத்திரத்தை மனதில் வையுங்கள். பல நாடுகளின் சிகிச்சை வழிகாட்டுதல்கள் ஃப்ராக்ஸ் எண்ணை வைத்தே எழுதப்பட்டிருப்பதால், அப்புறம் முடிவெடுக்கும்போது வசதியாக இருக்கும்.

படி 2: யாருக்குக் கணக்குப் போடுவது

எல்லோருக்கும் வேண்டாம். சிகிச்சை வழிகாட்டுதல்களை எழுதும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012ல் சொன்ன வரம்பு நினைவில் வைக்க எளிது: 65 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்கள், 75 வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்கள். அதற்குக் கீழே என்றால் ஏதாவது ஒரு காரணம் வேண்டும். சாதாரணமாக விழுந்ததில் முறிவு, ஸ்டீராய்டு மாத்திரை, அடிக்கடி விழுதல், பெற்றோருக்கு இடுப்பு முறிவு, மிக ஒல்லியான உடம்பு, புகை, மது, 45 வயதுக்கு முன்பே நின்ற மாதவிடாய், முடக்குவாதம், மார்பகப் புற்றுநோய்க்கு அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரை, புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனைக் குறைக்கும் ஊசி. கடைசி இரண்டையும் எழுதிக் கொடுத்தவர் புற்றுநோய் மருத்துவராக இருப்பார். எலும்பை நினைவில் வைக்க வேண்டியவர் பெரும்பாலும் நாம்தான்.

கணக்கே தேவைப்படாதவர்களும் உண்டு. 50 வயதுக்கு மேல் நின்ற உயரத்திலிருந்து விழுந்து இடுப்போ முதுகெலும்போ முறிந்தவருக்கு எண்ணைத் தேடிக்கொண்டு இருக்க வேண்டாம், அவர் ஏற்கனவே சிகிச்சைக்கு உரியவர். ஒரு முறிவுக்குப் பிந்தைய முதல் இரண்டு ஆண்டுகளில்தான் அடுத்த முறிவின் அபாயம் மிக அதிகம். அந்த நேரத்தைக் கணக்குப் போட்டே கழித்துவிடக் கூடாது.

எலும்புக்கான மருந்து ஏற்கனவே எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் ஃப்ராக்ஸ் பொருந்தாது. சிகிச்சை தொடங்காதவர்களுக்காக அமைந்த கணக்கு அது.

படி 3: கேள்விகளைச் சரியாகக் கேளுங்கள்

பன்னிரண்டு கட்டங்கள்தான். அதில் ஏழுக்கு ஆம், இல்லை என்று டிக் அடிப்பது மட்டுமே வேலை. ஆனால் தவறுகள் நுழைவதும் அந்த டிக்கில்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வயது, பால், எடை, உயரம். எடையும் உயரமும் அன்றே அளந்ததாக இருக்கட்டும். உயரத்தை நோயாளியிடம் கேட்டால் இளவயதில் அளந்ததைச் சொல்வார். சொன்ன உயரத்துக்கும் அளந்த உயரத்துக்கும் 4 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். முதுகெலும்பு எங்கோ நசுங்கியிருக்கலாம். பக்கவாட்டில் ஒரு முதுகு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். இந்த ஒரு அளவுகோல், சுவரில் ஒட்டிய ஒரு டேப், சில நாட்களில் கணக்கைவிடப் பெரிய உதவி செய்துவிடும்.

முந்தைய முறிவு. “எலும்பு முறிஞ்சிருக்கா?” என்று மொட்டையாகக் கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். கட்டுப்போட்டு ஆறிப்போனதை நோயாக யாரும் நினைவில் வைப்பதில்லை. “பெரியவரான பிறகு எப்போதாவது மாவுக்கட்டு போட்டீங்களா? எப்படி விழுந்தீங்க?” என்று கேளுங்கள். நின்ற உயரத்திலிருந்தோ அதற்குக் கீழிருந்தோ விழுந்து முறிந்தது கணக்கில் சேரும். லாரி மோதி முறிந்த கால் சேராது. விரல், முகம், மண்டை முறிவுகளைச் சேர்க்கும் வழக்கமில்லை. எக்ஸ்ரேயில் தற்செயலாகக் கண்ட முதுகெலும்பு நசுக்கலுக்கு வலியே இல்லாவிட்டாலும் ஆம் என்றுதான் டிக் அடிக்க வேண்டும்.

பெற்றோரின் இடுப்பு முறிவு. இதற்கும் நேரடிக் கேள்வி பலிக்காது. “அம்மா கடைசியில எப்படி இருந்தாங்க?” என்று கேட்டேன் ஒருவரிடம். “ரெண்டு வருஷம் படுத்த படுக்கைதான் டாக்டர்.” “ஏன்?” “கீழ விழுந்தாங்க, அதோட எந்திரிக்கல.” அந்தக் காலத்தில் எக்ஸ்ரே எடுத்திருக்க மாட்டார்கள், ஆனால் கதை இடுப்பு முறிவின் கதைதான். இப்படி வந்தால் நான் ஆம் என்று போடுகிறேன். பக்கவாதத்தால் படுத்தவரா என்பதை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு. பிரெட்னிசோலோன் தினம் 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல், இப்போதோ முன்போ வாய்வழியாக எடுத்திருந்தால் ஆம். ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் இன்ஹேலர் இந்தக் கட்டத்தில் வராது, தோலில் தடவும் களிம்பும் வராது. சிக்கல் எங்கே என்றால், தான் சாப்பிடுவது ஸ்டீராய்டு என்றே தெரியாதவர்கள் இருக்கிறார்கள். மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை, சாப்பிட்டதும் பசி எடுத்து முகம் உப்பியது என்றால், பையைத் திறந்து அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

முடக்குவாதம். ஃப்ராக்ஸில் மிக அதிகமாகத் தப்பாக டிக் விழக்கூடிய கட்டம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். தமிழில் ‘வாதம்’ என்ற சொல் பெரிய குடை. மூட்டு வலித்தால் வாதம், முதுகு பிடித்தால் வாதம், கை கால் விளங்காமல் போனாலும் வாதம். கருவி கேட்பது உறுதிசெய்யப்பட்ட முடக்குவாதத்தை (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) மட்டுமே. முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு இங்கே ஆம் போட்டால் எண் பொய்யாக ஏறும். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களின் எலும்பு அடர்த்தி பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும் என்பதால் இது இரட்டைத் தவறு.

புகை. இப்போது பிடிக்கிறாரா என்பதே கேள்வி. விட்டவருக்கு இல்லை. மது: தினமும் மூன்று அலகு அல்லது அதற்கு மேல். விஸ்கி, பிராந்தி வகையில் 30 மில்லி ஓர் அலகு, ஆக தினம் 90 மில்லி என்றால் ஆம். “எப்பவாவதுதான்” என்ற பதிலை அப்படியே எழுதிக்கொள்ளாமல், போன வாரம் எத்தனை நாள் என்று கேளுங்கள். மருத்துவர்களுக்கு இது தெரியாததல்ல.

இரண்டாம் நிலை ஆஸ்டியோபோரோசிஸ். முதல் வகை சர்க்கரை நோய், 45க்கு முன் நின்ற மாதவிடாய், நீண்டநாள் சிகிச்சையில்லாத தைராய்டு மிகை, நாள்பட்ட கல்லீரல் நோய், உணவுச் சத்து ஏறாத குடல் நோய், நீண்டகால ஊட்டச்சத்துக் குறைவு போன்றவை இதில் அடங்கும். ஒரு நுணுக்கம்: எலும்பு அடர்த்தி எண்ணை உள்ளிட்டுவிட்டால் இந்தக் கட்டத்துக்கு மதிப்பு இல்லாமல் போகும். இந்த நோய்கள் எலும்பு அடர்த்தியைக் குறைப்பதன் வழியாகத்தான் வேலை செய்கின்றன என்று கருவி எடுத்துக்கொள்கிறது.

எலும்பு அடர்த்தி. தொடை எலும்புக் கழுத்தின் அளவு மட்டுமே இங்கே செல்லும். முதுகின் டி-ஸ்கோரை இங்கே போடக் கூடாது. குதிகாலில் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியின் எண்ணையும் போடக் கூடாது. அந்தச் சீட்டோடு வருபவர்கள் நிறைய, அதிலும் டி-ஸ்கோர் என்றே அச்சிட்டிருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். அடர்த்தியை கிராமில் உள்ளிட்டால் எந்த நிறுவனத்தின் ஸ்கேன் இயந்திரம் என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஸ்கேன் இல்லையா? கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கணக்கிடும் பொத்தானை அழுத்துங்கள்.

படி 4: கருவி பார்க்காததை நீங்கள் பாருங்கள்

ஃப்ராக்ஸின் அடிப்படைக் கணக்குக்கு அளவு தெரியாது, ஆம் இல்லை மட்டும்தான் தெரியும். ஒரு முறிவும் நான்கு முறிவும் அதற்கு ஒன்று. போன மாதம் முறிந்ததும் இருபது வருஷத்துக்கு முன் முறிந்ததும் ஒன்று. கடைசியாக வந்த எண்ணை நாம்தான் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு அளவுக்குத் தெளிவான திருத்தம் இருக்கிறது. பிரெட்னிசோலோன் தினம் 2.5 முதல் 7.5 மில்லிகிராம் என்றால் எண்ணை அப்படியே வைக்கலாம். 7.5க்கு மேல் என்றால் பெரிய முறிவுகளின் எண்ணை 15 சதவீதமும் இடுப்பு எண்ணை 20 சதவீதமும் கூட்டுங்கள். 2.5க்குக் கீழ் என்றால் முறையே 20, 35 சதவீதம் குறையுங்கள். கூட்டுவது வந்த எண்ணின் விகிதத்தில்தான். பெரிய முறிவு 10 சதவீதம், இடுப்பு 3 சதவீதம் என்று வந்தால், அதிக அளவு ஸ்டீராய்டு எடுப்பவருக்கு அது 11.5, 3.6 ஆகும்.

இரண்டாம் வகை சர்க்கரை நோய் பெரிய ஓட்டை. இவர்களுக்கு எலும்பு அடர்த்தி நன்றாகவே இருக்கும், எடையும் இருக்கும், ஆனாலும் முறியும். ஃப்ராக்ஸ் இவர்களின் அபாயத்தைக் குறைத்துக் காட்டுகிறது. ஒரு குறுக்குவழி, முடக்குவாதக் கட்டத்தில் டிக் அடித்து அதைச் சர்க்கரை நோய்க்குப் பதிலியாக எடுத்துக்கொள்வது. கொஞ்சம் விநோதமாக இருந்தாலும் வல்லுநர்களே சொல்லும் வழி இது. செய்தால், பதிவேட்டில் ‘சர்க்கரைக்காக’ என்று பக்கத்தில் எழுதுங்கள். அடுத்து பார்ப்பவர் அவருக்கு முடக்குவாதம் என்று நினைத்துவிடுவார்.

அப்புறம் விழுதல். இடுப்பு முறிவு அநேகமாக எப்போதும் விழுந்ததால்தான் வருகிறது, ஆனால் ஃப்ராக்ஸின் அடிப்படைக் கணக்கில் விழுதலுக்கு இடமே இல்லை. மூன்று கேள்வி போதும்: போன ஒரு வருஷத்தில் விழுந்தீர்களா? நிற்கும்போதோ நடக்கும்போதோ தடுமாறுகிறதா? விழுந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும், நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழும் அபாயம் இருக்கிறது. கைக்கடிகாரம் போதும். நோயாளி உள்ளே நடந்து வரும்போதே நான் இப்போது ஓரக்கண்ணால் பார்த்துவிடுகிறேன்.

படி 5: எண்ணைப் படிப்பது

எல்லோரும் தடுமாறும் இடம் இது, தடுமாற நியாயமும் இருக்கிறது. ஃப்ராக்ஸ் எண்ணைத் தருமே தவிர, மருந்து கொடு, கொடுக்காதே என்று சொல்லாது. கோட்டை ஒவ்வொரு நாடும் தனித்தனியே போட்டிருக்கிறது.

அமெரிக்காவில் டி-ஸ்கோர் மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் உள்ளவர்களுக்கு, பெரிய முறிவு 20 சதவீதம் அல்லது இடுப்பு 3 சதவீதம் தொட்டால் மருந்து பற்றி யோசிக்கிறார்கள். எல்லா வயதுக்கும் ஒரே கோடு. பிரிட்டனில் கோடு 70 வயதுவரை வயதோடு ஏறி, அப்புறம் அப்படியே நிற்கிறது: ஏற்கனவே ஒரு முறிவு கண்ட, அதே வயதுப் பெண்ணின் அபாயம் எவ்வளவோ அதுவே எல்லை. நிலையான கோடு எளிது. ஆனால் வயது ஏற ஏற ஏறக்குறைய எல்லோரும் அதைத் தாண்டிவிடுவார்கள், 55 வயதில் பல காரணிகளோடு வருபவர் அடியிலேயே நின்றுவிடுவார். வயதோடு நகரும் கோடு அந்த 55 வயதுக்காரரைப் பிடிக்கும். எனக்கு இரண்டாவது முறைதான் நியாயமாகப் படுகிறது.

எதை எடுத்தாலும் ஒன்றைச் செய்யாதீர்கள்: ஒரு நாட்டின் கணக்கில் எண்ணை எடுத்து இன்னொரு நாட்டின் கோட்டோடு ஒப்பிடுவது. 20, 3 என்ற இரண்டு எண்களும் நினைவில் நன்றாக ஒட்டிக்கொள்வதால் எல்லா இடத்திலும் அவற்றையே பயன்படுத்திவிடுகிறோம். உங்கள் நாட்டு வழிகாட்டுதல் என்ன சொல்கிறது என்று ஒருமுறை தேடி, அந்த வரியை அச்சடித்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் இல்லாமல் போட்ட எண் கோட்டுக்கு வெகு கீழே இருந்தால் ஸ்கேன் வேண்டாம், வாழ்க்கைமுறை ஆலோசனை போதும். வெகு மேலே இருந்தால் ஸ்கேனுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். நடுவில் இருப்பவர்களைத்தான் ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். எண் வந்ததும் மறுபடி கணக்குப் போடுங்கள். ஸ்கேன் வசதி குறைவாக உள்ள இடங்களில் இந்த ஒழுங்கு மட்டுமே பாதிச் செலவை மிச்சப்படுத்தும் என்பது என் அனுபவம்.

இப்படியெல்லாம் சலிப்பதால் பலன் உண்டா? 2018ல் வெளியான ஸ்கூப் ஆய்வு குடும்ப மருத்துவர்களிடம் பதிவான 70 முதல் 85 வயது வரையுள்ள 12,483 பெண்களை எடுத்துக்கொண்டது. பாதிப் பேருக்கு ஃப்ராக்ஸ் வழியாகச் சலித்துச் சிகிச்சை, மீதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. ஐந்தாண்டு முடிவில் மொத்த முறிவுகளில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் இடுப்பு முறிவு 28 சதவீதம் குறைந்திருந்தது. மனிதரைப் படுக்கையில் தள்ளுவது அந்த முறிவுதான். இடுப்பு முறிந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்.

படி 6: நோயாளியிடம் சொல்வது

“உங்களுக்கு எலும்புத் தேய்மானம் அபாயம் இருக்கு” என்று தொடங்கினால் வேலை கெட்டது. தேய்மானம் என்றால் அவர் முழங்காலை நினைப்பார், “ஆமா டாக்டர், ஏற்கனவே சொல்லியிருக்காங்க, எண்ணெய் தடவறேன்” என்பார். எலும்புப்புரை என்ற சொல் புத்தகத்தில் இருக்கிறது, வாயில் இல்லை. நான் “எலும்பு உள்ளே மெலிஞ்சு போறது” என்கிறேன். இதற்கு வலி கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வலி இல்லாததற்கு ஏன் மாத்திரை என்ற கேள்வி எப்படியும் வரும். பிரஷருக்கும் வலி கிடையாதே என்றால் புரிந்துகொள்கிறார்கள்.

சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள். 18 சதவீதம் என்று வந்தால், “உங்களை மாதிரியே 100 பேரை வரிசையில நிக்க வெச்சா, பத்து வருஷத்துல 18 பேருக்கு எலும்பு முறியும், 82 பேருக்கு முறியாது” என்று இரண்டு பக்கத்தையும் சொல்லுங்கள். 18ஐ மட்டும் சொன்னால் பயமுறுத்தல், 82ஐ மட்டும் சொன்னால் தட்டிக்கழித்தல். ஃப்ராக்ஸ் திரையை நோயாளி பக்கம் திருப்பிக் காட்டுவதும் நல்லது. புகைக் கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டுக் காட்டினால், கூட வந்திருக்கும் மனைவி பார்க்கும் பார்வையே போதும்.

படி 7: அதற்குப் பிறகு

மருந்து எழுதுவதற்கு முன் கால்சியம், கிரியாட்டினின், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி, தைராய்டு, ரத்த எண்ணிக்கை பாருங்கள். ரத்தசோகையும் முதுகுவலியும் சேர்ந்து வந்தால் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயை மறக்காதீர்கள். எலும்பு மெலிவுக்குப் பின்னால் வேறு நோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கே இவை எல்லாம்.

கால்சியம், வைட்டமின் டி மாத்திரையை மட்டும் எழுதி அனுப்புவது நம் பழைய பழக்கம். அபாயம் அதிகமானவருக்கு அது சிகிச்சை அல்ல, அடித்தளம். முதல் மருந்து பெரும்பாலும் அலெண்ட்ரோனேட், வாரத்துக்கு ஒருமுறை 70 மில்லிகிராம். காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் உணவுக்குழாய் புண்ணாகி நோயாளி மாத்திரையோடு நம்மையும் சேர்த்து வெறுத்துவிடுவார். சிறுநீரக வடிகட்டல் நிமிஷத்துக்கு 35 மில்லிக்குக் கீழே இருந்தால் இது வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியில் எச்சரிக்கை ஒன்று உண்டு: தள்ளிப்போட்டாலோ நிறுத்திவிட்டாலோ முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும். ஊசி தொடங்கும்போதே அடுத்த தேதியை எழுதிக் கொடுங்கள். ஏற்கனவே முதுகெலும்பு நசுங்கியவர், மிக அதிக அபாயம் உள்ளவர், இளவயதில் முறிந்தவர், இவர்களை நிபுணரிடம் அனுப்புவதே சரி.

கண் பரிசோதனை, தூக்க மாத்திரையைக் குறைப்பது, நிற்கும்போது பிரஷர் இறங்குகிறதா என்று பார்ப்பது, சமநிலைப் பயிற்சி. எந்த எண் வந்தாலும் விழுகிறவருக்கு இவை வேண்டும்.

படி 8: மறக்காத மாதிரி அமைத்துக்கொள்வது

இத்தனையும் தெரிந்து என்ன, கை அந்தப் பக்கம் போக வேண்டுமே. நல்லெண்ணத்தை நம்பி மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் இரண்டாவது வாரத்தில் விட்டவன் நான். கூட்டம் அதிகமான நாளில் எந்த மருத்துவரும் புதிதாக ஒன்றை நினைத்துக்கொண்டு செய்ய முடியாது. கடைசியில் வேலை செய்தது, நினைப்பதையே என்னிடமிருந்து எடுத்துவிட்டதுதான்.

ஒரு காகிதத்தில் ஏழு கேள்விகளை அச்சடித்தேன். 65 தாண்டிய பெண்கள் எதற்கு வந்தாலும், காத்திருக்கும்போது செவிலியர் எடை, உயரம் எடுத்துவிட்டு அந்தத் தாளை நிரப்புவார். கட்டுப்போட்ட கையோடோ காலோடோ 50 வயதுக்கு மேல் யார் வந்தாலும் அதே தாள். என் மேஜைக்கு அது வரும்போது எண்களைத் தட்டுவது மட்டும் பாக்கி. சந்தேகமான பதிலுக்குப் பக்கத்தில் அவர் ஒரு கேள்விக்குறி போட்டுவைப்பார். நான் அந்தக் கேள்வியை மட்டும் திரும்பக் கேட்பேன். மின்பதிவு முறை வைத்திருப்பவர்கள் இதையே திரையில் எழும் நினைவூட்டலாக அமைக்கலாம். ஆனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு நினைவூட்டல்தான் மனிதனால் மதிக்க முடியும், எல்லாவற்றுக்கும் மணி அடித்தால் எதையும் கேட்க மாட்டோம்.

எலும்பு டாக்டருடன் ஒருமுறை பேசிவிடுங்கள். கட்டுப் பிரித்து அனுப்பும் சீட்டில் ‘சாதாரண வீழ்ச்சியில் முறிவு, அபாயம் கணக்கிடவும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நான் கேட்டபோது அவர் தயங்கவே இல்லை. யாரும் அதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மறுகணக்கு எப்போது என்பது கடைசிக் கேள்வி. கோட்டுக்கு வெகு கீழே இருந்தவருக்குச் சில ஆண்டுகள் பொறுக்கலாம். கோட்டை ஒட்டி நின்றவருக்கு இரண்டு ஆண்டு. நடுவில் புதிதாக முறிவு, புதிதாக ஸ்டீராய்டு, திடீரென்று எடை இறங்குதல், இவற்றில் எது வந்தாலும் அன்றே. தாளின் அடியில் கணக்குப் போட்ட தேதி, வந்த இரண்டு எண்கள், எந்த நாட்டுக் கணக்கு, ஸ்கேன் சேர்த்ததா இல்லையா என்று நான்கையும் எழுதிவையுங்கள். இந்த நான்கும் இல்லாத பழைய எண்ணைப் புதிய எண்ணோடு ஒப்பிட முடியாது.